கோடில்லாத பாம்பு

ஜூன் 14, வெள்ளி

இன்று மில்லில் பாம்பு. ஊறிய தேங்காய் மட்டைகளை மெஷினுக்கு வாரிக்கொண்டிருந்தபோது குவியலுக்கு அடியிலிருந்து வந்து விழுந்தது. பசந்தி மண்வெட்டியை ஓங்கிவிட்டாள். நான் குறுக்கே பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

பசந்தி ஜார்க்கண்டுக்காரி. என் வயதுதான், இருபத்தொன்று, ஆனாலும் என்னை அக்கா என்பாள். வந்து மூன்று வருடம் ஆகிறது, தமிழை எங்களிடமிருந்தே பொறுக்கிக்கொண்டாள். புருஷன் லக்கனோடு மில்லுக்குப் பின்னாலிருக்கும் தகர ஷெட்டில் இருக்கிறாள். அந்த ஷெட்டில் மொத்தம் பதினான்கு பேர். எல்லோரும் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள்.

"விடு சிந்துக்கா, கடிக்கும்."

"கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. விஷமில்ல. நீ மண்வெட்டிய கீழ போடு."

"நெசமா?"

"நான் சொன்னா நெசம்தான்."

நார் மில்லில் எனக்கு இரண்டு வேலை. களத்தில் நார் காயப்போடுவதைப் பார்த்துக்கொள்வது ஒன்று. பாம்பு வந்தால் பிடிப்பது இன்னொன்று. இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் அதற்காகத்தான் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பாம்பைப் பற்றி எழுத வேண்டும். நீளம் மூன்றடிக்கும் கொஞ்சம் மேல். நிறம் ஊறிய மட்டையின் நிறம், தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரே நிறம். ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் என்று முடிவு செய்தேன். வழக்கமாக அதற்குக் குறுக்கே வெள்ளைப் பட்டைகள் இருக்கும், இதற்கு இல்லை. அப்படியானால் இது நிறம் மாறிப் பிறந்த ஒன்று. அப்படி ஒன்றை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததாகக் கேள்விப்பட்டதில்லை. கண் பால் ஊற்றியதுபோல் மங்கியிருந்தது, சீக்கிரம் சட்டை உரிக்கப்போகிறது. கம்பியால் தூக்கியபோது கோபப்படக்கூட இல்லை. தலையை உடம்புக்குள் செருகிக்கொண்டது.

போட்டோ எடுத்துவிட்டு, ஷெட்டுக்குப் பின்னாலுள்ள பழைய நார்க்கழிவு மேட்டில் விட்டேன். எல்லோரும் நின்று பார்த்தார்கள். பசந்தியின் கையைப் பிடித்து இழுத்து வாலைத் தொடச் சொன்னேன். தொட்டாள். சிரித்தாள்.

ஜூன் 15, சனி

விநோத நிறப் பாம்புகளுக்கென்று என்னிடம் தனி நோட்டு இருக்கிறது. நேற்றையதையும் சேர்த்து இதுவரை நான்கு. பி.ஏ.பி. பாசன வாய்க்காலில் ஆரஞ்சு நிறத் தண்ணீர்ப் பாம்பு. சேத்துமடை ரோட்டில் அடிபட்டுக் கிடந்த கன்னங்கரிய சாரை. தோப்பில் பார்த்த, முதுகுப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கோடாகிவிட்ட கண்ணாடி விரியன். இப்போது இது.

போட்டோவைப் பாம்பு மீட்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. போன வருடம் ஒரு சாரைக் குட்டியை நாகம் என்று எழுதிவிட்டேன். பிரசன்னா என்கிற ஆள் அதற்குப் பதினோரு சிரிப்பு மூஞ்சிகளை அனுப்பினான். அதற்குப் பிறகு நான் அங்கே எதுவும் கேட்பதில்லை.

இன்னும் நல்ல போட்டோ வேண்டும். சட்டை உரித்தபிறகு நிறம் பளிச்சென்று தெரியும்.

ஜூன் 16, ஞாயிறு

மழை. லீவு. அம்மா மறுபடி காலேஜ் பேச்சை எடுத்தாள். தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

கழிவு மேட்டில் சட்டை கிடைத்தது. ஓரத்தில் ஒரு கருங்கல்லுக்கு அடியில் சிக்கியிருந்தது. முழுச் சட்டை, ஈரமாக, கிழியாமல். சந்தோஷமாகத்தான் கையில் எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

முதுகின் நடுவில் ஒரு வரிசைச் செதில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. ஒவ்வொன்றுக்கும் ஆறு மூலை. கழுத்திலிருந்து வால் வரைக்கும் சங்கிலிபோல்.

திருப்பினேன். வாலின் அடியில் செதில் ஒற்றையாக ஓடியது. வரையனுக்கு அது இரட்டையாக இருக்கும்.

காலேஜ் விலங்கியல் லேப் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "நிறத்தை நம்பாதே, செதிலை எண்ணு." பிராக்டிகல் பரீட்சையில் ஏழாம் நம்பர் ஜாடியில் ஒரு பாம்பு, பெயர் எழுத வேண்டும். ஃபார்மலினில் கிடந்து நிறமெல்லாம் போயிருந்தது. நான் நிறத்தைப் பார்த்து எழுதினேன். முட்டை மார்க். அன்றோடு காலேஜை விட்டேன். போர் அடித்ததால்தான் விட்டேன், அதற்காக இல்லை.

இது கட்டுவிரியன். பட்டை இல்லாமல் பிறந்த கட்டுவிரியன்.

 சட்டையை மடித்துப் பையில் போட்டேன். கழிவு மேட்டிலிருந்து ஷெட்டுக்கு நடந்து பார்த்தேன். இருபத்தாறு எட்டு. ஷெட்டின் தகரத்துக்கும் தரைக்கும் நடுவே என் கை நுழைகிற இடைவெளி. கட்டுவிரியன் தூங்குகிறவர்களின் பாய்க்குள் வரும். கடித்தால் வலிக்காது. தடம்கூடத் தெரியாது. விடிந்து பார்த்தால் ஆள் எழுந்திருக்க மாட்டார்.

பதினான்கு பேர் நடுவில் நின்று விஷமில்லை என்று நான் சொன்னேன்.

சாயங்காலம் எழுதுவது: யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துபோய்க் கழிவு மேட்டைக் கொளுத்துவார்கள், கண்ணில் படுகிற பாம்பையெல்லாம் அடிப்பார்கள். முதலில் நானே அதைப் பிடித்துவிடுகிறேன். பிடித்து ஆழியாறு பக்கம் காட்டில் விட்டுவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

ஜூன் 19, புதன்

ஆறு மணிக்கே மில்லுக்குப் போனேன். முதலில் ஷெட்டைத்தான் பார்த்தேன். ஒவ்வொருவராக வெளியே வந்து பல் விளக்கினார்கள். எண்ணினேன். பதினான்கு. அதற்குப் பிறகுதான் மேட்டுக்குப் போனேன்.

மேட்டைக் கம்பியால் கிளறினேன். கற்களைப் புரட்டினேன். ஒரு தேள், இரண்டு தவளை. அவ்வளவுதான்.

மில் ஓனர் கிட்டுசாமி அண்ணனிடம் போனேன்.

"அண்ணா, அந்த ஷெட்டுல இருக்கறவங்களுக்குக் கட்டில் போட்டுக் குடுக்கலாமுங்களா?"

"எதுக்குங் கண்ணு திடீர்னு?"

"தரை ஈரமா இருக்குதுங்க."

"மூணு வருசமா ஈரமாத்தான் இருக்குது. இன்னிக்குத்தான் உனக்குத் தெரிஞ்சுதா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். உண்மையான காரணம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் லாரி வந்துவிட்டது.

ஜூன் 20, வியாழன்

எண்ணினேன். பதினான்கு.

ஷெட் சுவரையொட்டி வெள்ளைப் பூண்டை நசுக்கித் தூவினேன். பாம்புக்கு அது ஒன்றும் செய்யாது என்று நான்தான் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவள். இன்று நானே தூவினேன்.

மதியம் மேட்டுக்கு அந்தப் பக்கம் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். பசந்தி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து பின்னால் நின்றாள்.

"ரெண்டு நாளா பாக்கறேன். என்ன தேடற சிந்துக்கா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு யாராச்சும் கல்ல பொரட்டுவாங்களா? கம்மல் தொலஞ்சுதா?"

"இல்ல. அந்தப் பாம்பு. போட்டோ சரியா வரல. இன்னொரு தடவ எடுக்கணும்."

"அதுக்கா இப்பிடி மூஞ்சி? கண்ணெல்லாம் உள்ள போச்சு. ஊர்ல என் மாமியா, ஆடு தொலஞ்சப்ப இப்பிடித்தான் இருந்தா."

"பசந்தி, நீங்க பாய ஒதறிட்டுப் படுங்க. சொவத்துகிட்டப் படுக்காதீங்க."

"ஏன்?"

"தேள் இருக்குது. நேத்துப் பாத்தேன்."

"தேளுக்கு நான் பயப்படமாட்டேன். பாம்புக்குத்தான் பயப்படுவேன். இப்ப அதுவும் இல்ல, நீ சொல்லிட்ட." தூக்கை ஆட்டிக்கொண்டே போய்விட்டாள்.

நாளைக் காலை எல்லோரும் களத்துக்கு வரும்போது சொல்லிவிடுகிறேன். நிச்சயமாக.

ஜூன் 21, வெள்ளி

இதை ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஐந்தே கால். எதுவும் விட்டுப்போகாமல் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஏழரை இருக்கும். களத்தில் நாரை உதறிக்கொண்டிருந்தோம். ஷெட் பக்கமிருந்து பசந்தி வந்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கோவிலில் தட்டு ஏந்தி வருவதுபோல் வந்தாள். கையில் அந்தப் பாம்பு. புதுச் சட்டையில் பளபளவென்று, வாழைப்பூ மடல்போல் சிவந்த பழுப்பு. இவ்வளவு அழகான நிறத்தை நான் பார்த்ததில்லை. அந்த நேரத்திலும் அது தோன்றியது, அதையும் எழுதிவிடுகிறேன்.

"சிந்துக்கா, உன் பாம்பு. அடுப்புக் கட்டைக்குள்ள படுத்திருந்துச்சு."

கத்த வாய் திறந்தேன். கத்தினால் உதறுவாள், உதறினால் கடிக்கும். வாயை மூடிக்கொண்டேன். 

"பசந்தி, அங்கயே நில்லு."

"என்ன?"

"அசையாத. நான் வாரேன். வெரல இறுக்காத, லூசா வெச்சுக்க."

"போட்டோவா? சிரிக்கட்டுமா?"

"சிரிக்காத."

பாம்பின் தலை அவள் இடது மணிக்கட்டைச் சுற்றி உள்ளங்கைப் பக்கம் போயிருந்தது, எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் இறைக்கும் பெயிண்ட் வாளி நான்கடி தள்ளி இருந்தது. அதிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலால் அவள் முன்னால் தள்ளினேன்.

"மெதுவா வாளிக்குள்ள எறக்கு. மொத வால். அப்புறம் உடம்பு. வேகமா வேண்டாம்."

"ஏன் சிந்துக்கா உன் குரல் இப்பிடி இருக்கு?"

"எறக்கு, சொல்றேன்."

இறக்கினாள். கடைசியாகத் தலை அவள் கட்டைவிரலை உரசிக்கொண்டு உள்ளே போனது. பக்கத்தில் கிடந்த வாளி மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். 

"கடிச்சுதா?"

"இல்லயே. கட்டைய எடுக்கறப்ப ஒரு எறும்பு கடிச்சுது. இங்க." கட்டைவிரலுக்குக் கீழே காட்டினாள். ஒன்றும் இல்லை. சிவப்புக்கூட இல்லை.

அப்போதுதான் சொன்னேன். அது கட்டுவிரியன் என்று. எல்லோர் முன்னாலும். லக்கனுக்குப் புரியவில்லை. பசந்திதான் அவள் பாஷையில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிட்டுசாமி அண்ணன் ஜீப்பில் ஏற்றினார். நான், பசந்தி, லக்கன். எட்டரைக்கு ஆஸ்பத்திரி. டியூட்டியில் இருந்த டாக்டரம்மா வாளியோடு யாரும் உள்ளே வரக்கூடாது என்றார். அதை ஜீப்பிலேயே விட்டுவிட்டு வந்தோம். போட்டோவைக் கேட்டார். காட்டினேன்.

"இதுல கோடே இல்லையேம்மா. கட்டுவிரியன்னா பட்டை பட்டையா இருக்குமே."

கிட்டுசாமி அண்ணன் குறுக்கே பேசினார். "இந்தப் புள்ள பாம்புல கெட்டிங்க டாக்டர். போன வெள்ளிக்கிழமை அதுவே விஷமில்லைன்னு சொல்லுச்சு. பயத்துல இன்னிக்கு மாத்திப் பேசுது."

ரத்தம் எடுத்து இருபது நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சரியாக உறைந்தது. கடித்த தடம் இல்லை. வீக்கம் இல்லை. பசந்தி பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகட்டும்," என்றார் டாக்டர்.

"போகக்கூடாதுங்க டாக்டர். நான் தப்பாச் சொன்னேன். நெறத்தப் பாத்துச் சொல்லிட்டேன். இதுக்கு ரத்தத்துல ஒண்ணும் தெரியாது, மூச்சத்தான் நிறுத்தும்."

பையிலிருந்து சட்டையை எடுத்து மேஜையில் விரித்தேன். நடுமுதுகுச் செதிலைக் காட்டினேன். ஆறு மூலையை விரலால் தொட்டு எண்ணிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இது எப்பக் கெடச்சுது?"

"இன்னிக்குக் காலைலங்க."

அதைப் பொய் என்று இந்த நோட்டில் எழுதத் தேவையில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். பொய்.

போட்டோவையும் செதிலையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பிரசன்னா அரை நிமிடத்தில் போன் செய்தான். சிரிக்கவில்லை. "கட்டுவிரியன்தான். பட்டை இல்லாததை நானும் ஒண்ணு பாத்திருக்கேன். டாக்டர்கிட்ட போனைக் குடு." கொடுத்தேன். டாக்டர் கேட்டுக்கொண்டே பசந்தியைப் பார்த்தார். வார்டுக்கு மாற்றச் சொன்னார்.

பத்தரைக்குப் பசந்தி வயிறு வலிக்கிறது என்றாள். காலையில் சாப்பிடாததால் என்றான் லக்கன், பிஸ்கட் வாங்க ஓடினான். பிஸ்கட்டைக் கடித்தவள் விழுங்க முடியவில்லை என்று கையில் துப்பினாள்.

டாக்டர் வந்து, தலையைத் தூக்காமல் கூரையிலிருக்கும் ஃபேனைப் பார்க்கச் சொன்னார். பசந்தி நெற்றியைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். இமை பாதிக்கு மேல் ஏறவில்லை.

"தூக்கம் வருது," என்றாள். நாக்கு தடித்ததுபோல் பேச்சு.

"தூங்காத பசந்தி."

"நீ சொன்னா சரி."

அவள் பேசியது அதுவரைக்கும்தான். விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஒரு மணிக்கு மூச்சு மேலோட்டமாகிவிட்டது. தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைத்தார்கள். கதவின் வட்டக் கண்ணாடி வழியாக அவள் கால் மட்டும் தெரிகிறது. பாதத்தில் நார்த்தூசி.

இன்னும் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால், வயிற்று வலி என்று அவள் போய்ப் பாயில் படுத்திருப்பாள்.

வனத்துறை ஆட்கள் வந்து வாளியைக் கொண்டுபோனார்கள். அதில் ஒருவர், "என்னம்மா கலரு இது" என்றார். நான் எழுந்து வராண்டாவின் மறுமுனைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 22, சனி

மெஷின்தான் மூச்சு விடுகிறது. டாக்டர் சொன்னார்: விஷம் இறங்க நாளாகும், ஆனால் உங்கள் ஃப்ரெண்டுக்கு உள்ளே நினைவு இருக்கலாம், நாம் பேசுவது கேட்கலாம், கண்ணைத் திறக்கத்தான் முடியாது.

கேட்கும் என்று தெரிந்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. லக்கன்தான் அவள் காதில் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். வெளியே வந்து, அவன் பாஷையில் என்னை அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டான். "தீதி, நீ சொன்ன, விஷம் இல்ல."

"தப்பாச் சொல்லிட்டேன் லக்கன்."

"எப்ப தெரிஞ்சுச்சு தப்பு?"

"நேத்துக் காலைல. அவ கைல பாத்தப்ப."

தலையாட்டினான். "நல்லவேள, நீ பாத்த," என்றான்.

ஜூன் 23, ஞாயிறு

கால் பெருவிரல் அசைந்தது. நர்ஸும் பார்த்தார். நான் மட்டும் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஷெட்டில் இருப்பவர்களை மில் ஆபீஸின் மேல்மாடிக்கு மாற்றிவிட்டதாகக் கிட்டுசாமி அண்ணன் சொன்னார். "நீ ஆஸ்பத்திரில சண்டை போடலைன்னா ஒரு உசுரு போயிருக்கும் கண்ணு," என்றார். மில்லில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம்.



ஜூன் 24, திங்கள்

இமை ஒரு நூல் அளவு திறந்தது. டாக்டர் டார்ச் அடித்தார். கருவிழி என் பக்கம் திரும்பியது. நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஜூன் 26, புதன்

நேற்று மதியம் குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள். கஞ்சி குடித்தாள். இன்று பேசலாம் என்றார்கள்.

பத்து மணிக்கு உள்ளே போனேன். லக்கன் டீ வாங்கப் போயிருந்தான். தலையணையை உயர்த்தி அவளைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். குரல் காற்றுபோல் வந்தது. பக்கத்தில் குனிய வேண்டியிருந்தது.

"எல்லாம் கேட்டுச்சு சிந்துக்கா. மெஷின் சத்தம். அவன் அழுதது. நீ பேசவே இல்ல."

"பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான்."

 பிறகு கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

டாக்டரிடம் சொன்ன பதில் தயாராக இருந்தது. லக்கனிடம் சொன்னதும் அதேதான், அவனும் இவளிடம் அதைத்தான் சொல்லியிருப்பான். அதையே திரும்பச் சொன்னால் போதும். சொன்னால் இவள் ஊருக்குப் போய், என்னைக் காப்பாற்றினவள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். நான்கு நாள் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்துவிட்டு, அதற்கு நன்றியும் சொல்வாள்.

"செவ்வாக்கெழம," என்றேன்.

ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டிய கையைப் போர்வைக்கு மேலே எடுத்தாள். கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணினாள். செவ்வாய். புதன். வியாழன். வெள்ளி. மெதுவாகத்தான் விரல் நகர்ந்தது, ஆனால் ஒன்றையும் விடவில்லை. பிறகு ஒரு கணு பின்னால் வந்து நிறுத்தினாள்.

"இந்த நாள் நான் உங்கிட்ட கேட்டேன். என்ன தேடறன்னு."

"கேட்ட."

"போட்டோன்னு சொன்ன."

"ஆமா."

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கு எப்போதும் ஏதாவது சொல்லத் தெரியும். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். நான் பதறி எழுந்து நர்ஸைக் கூப்பிட்டேன். நர்ஸ் வந்து, இமையை விரலால் திறக்கப் பார்த்தார். பசந்தி விடவில்லை. இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, இமை நல்லா வேலை செய்யுது," என்றார் நர்ஸ். "அவங்களாத்தான் மூடியிருக்காங்க."